நின்ற பந்தும் நடக்கும் மனிதரும்: தொழில்முறை கோல்ஃபை நாம் எதற்காகப் பார்க்கிறோம்?

1. தோவாளையான்

2025 ஏப்ரல் 14 அன்று சித்திரைப் புத்தாண்டு. எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் அன்று விடியலில் கனி காண்பது வழக்கம். முந்தைய இரவே அம்மா உருளியில் வெள்ளரியும் மாம்பழமும் கொன்றைப்பூவும் வைத்து, பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, "கண்ணை மூடிக்கொண்டு வந்து இங்கேதான் விழிக்க வேண்டும்" என்று சொல்லிப் படுத்துவிட்டார். நான் படுக்கவே இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் மைதானத்தில் அப்போது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். மாஸ்டர்ஸ் தொடரின் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஆக, அந்தப் புத்தாண்டில் நான் கண்ட முதல் கனி, பதினெட்டாம் கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில்) மட்டையை வீசிவிட்டு மண்டியிட்டு, தலையைத் தரையில் கவிழ்த்து அழுதுகொண்டிருந்த வட அயர்லாந்து வீரர் ரோரி மெக்கில்ராய்தான்.

நான் கோல்ஃப் ஆடியதில்லை. கோல்ஃப் மட்டையைக் கையில் தொட்டதுகூட இல்லை. அப்படியிருந்தும் பதினைந்து ஆண்டுகளாக இரவு விழித்து இதைப் பார்க்கிறேன். ஏன் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாததால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் ஊகம் இது. கிரிக்கெட்டில் பந்து வீச்சாளரின் கையை விட்டுப் புறப்பட்ட பந்து அரை விநாடியில் மட்டையை அடைந்துவிடும். அங்கே யோசிக்க நேரமில்லை, உடம்பே பதில் சொல்லிவிடுகிறது. கோல்ஃபில் பந்து அசையாமல் நிற்கிறது, எதிரில் தடுப்பவர் எவரும் இல்லை. ஒரு வீச்சுக்கு இரண்டு விநாடிகூட ஆவதில்லை என்பதால், ஒரு சுற்றின் எழுபது அடிகளையும் கூட்டினாலும் இரண்டரை நிமிடத்தைத் தாண்டாது. மீதியுள்ள நான்கு மணி நேரத்துக்கும் மேலான பொழுதில் நாம் பார்ப்பது நடக்கிற, நிற்கிற, மட்டைப் பை சுமக்கும் கேடியிடம் முணுமுணுக்கிற, தன் தவறைத் தானே சுமக்கிற ஒரு மனிதரைத்தான். வேறெந்த விளையாட்டிலும் வீரரின் குணத்தை இவ்வளவு நேரம் வெளிச்சத்தில் வைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

அன்றைய சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில், இரண்டு அடி முன்னிலையோடு தொடங்கிய மெக்கில்ராய் முதல் குழியிலேயே டபுள் போகி (குழிக்கு வகுத்ததைவிட இரண்டு அடி அதிகம்) அடித்து அதை இழந்தார். பத்தாம் குழி முடிந்தபோது 14 அண்டர் (வகுத்த மொத்தத்தைவிட 14 அடி குறைவு), நான்கு அடி முன்னிலை. பதினொன்றில் ஒரு போகி (ஓர் அடி அதிகம்). பதின்மூன்றில் நூறு கெஜத்துக்கும் குறைவான தூரத்திலிருந்து, கிரீனின் இடப்புறத்தில் ஏராளமான இடம் இருக்கையில், வெட்ஜ் என்ற குறுந்தூர மட்டையால் அடித்த பந்தை வலப்புறத்து ஓடையில் போட்டார், டபுள் போகி. பதினான்கில் மீண்டும் ஒரு போகி, இப்போது 10 அண்டர். அடுத்த குழியிலேயே மரங்களைச் சுற்றி வளைத்து, ஏழாம் எண் ஐயன் (இரும்பு) மட்டையால், 200 கெஜத்துக்கும் மேலிருந்து பந்தைக் குழிக்கு ஆறடி தூரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். நூறு கெஜத்துக்குள் தடுமாறியவரும் இருநூறு கெஜத்தில் அற்புதம் செய்தவரும் ஒரே ஆள், இடைவெளி அரை மணி நேரம். ஈகிளுக்கான (வகுத்ததைவிட இரண்டு அடி குறைவு) அந்த ஆறடி பட்டையும், அதாவது குழிக்குள் உருட்டும் அடியையும், தவறவிட்டார் என்பது வேறு கதை. பதினெட்டில் ஐந்தடி பட்டைப் போட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அதையும் விட்டு, ஜஸ்டின் ரோஸுடன் பிளேஆஃபுக்கு (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்துக்கு) போய், அங்கே பேர்டி (வகுத்ததைவிட ஓர் அடி குறைவு) அடித்து வென்றார்.

ஜீன் சாரசன், பென் ஹோகன், கேரி பிளேயர், ஜாக் நிக்லஸ், டைகர் உட்ஸ் ஆகியோருக்குப் பிறகு மேஜர்கள் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளையும் வென்ற ஆறாவது மனிதர் அவர். ஆனால் அவர் வென்றது ஆறாமவர் என்பதற்காக நான் விழித்திருக்கவில்லை. ஓடையில் பந்து விழுந்த பிறகு எப்படி நடக்கப்போகிறார் என்று பார்க்கத்தான் விழித்திருந்தேன். நீங்கள் எதற்காகப் பார்க்கிறீர்கள்?

2. அரைக்கணக்கு

நண்பர் தோவாளையானுக்கு வணக்கம். மறுப்போடு தொடங்குவதற்கு மன்னிக்கவும். தாங்கள் பார்த்தது மெக்கில்ராயின் குணத்தையா, அல்லது தொலைக்காட்சி நிறுவனமும் அகஸ்டா மன்றமும் சேர்ந்து தொகுத்துக் கொடுத்த குணச்சித்திரத்தையா?

அந்த மன்றம் தன் திரையில் எது தெரிய வேண்டும் என்பதில் எவ்வளவு கவனமானது என்பதற்கு ஒரு சான்று. 1994இல் கேரி மெக்கார்ட் என்ற வர்ணனையாளர், கிரீன்களின் வழவழப்பை மெழுகால் முடி நீக்கும் அழகு நிலைய வேலையோடு ஒப்பிட்டு ஒரு வேடிக்கை சொன்னார். அத்தோடு மாஸ்டர்ஸ் ஒளிபரப்பில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. அதே மன்றம் 1990 வரை ஒரு கறுப்பின உறுப்பினரையும், 2012 வரை ஒரு பெண் உறுப்பினரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தச் சுவருக்குள்ளிருந்து, மென்மையான குரலிலும் பறவை ஒலிகளோடும் நமக்கு வருவது ஒரு நாடகம். நாயகன் யார், வீழ்ந்தவன் யார், மனம் திரும்பியவன் யார் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. நாம் கண்ணீர் வடிக்கிறோம். குணத்தைப் பார்த்தோம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

3. இரவுக்கண்

அரைக்கணக்கு ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், அதற்கு டைகர் உட்ஸைவிடப் பெரிய சான்று கிடையாது.

இரண்டு வயதில் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பந்தடித்துக் காட்டிய குழந்தை அவர். படைவீரராக இருந்த தந்தை எர்ல், மகன் மட்டையைச் சுழற்றும் நேரத்தில் பையில் சில்லறையைக் குலுக்கி, எந்தச் சத்தத்துக்கும் கலையாதவனாக அவனைப் பழக்கினார். தாய் குல்டிடா தாய்லாந்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்புச் சட்டை அணியச் சொன்னவர் அவர்தான். 1997இல் 21 வயதில் 12 அடி வித்தியாசத்தில் மாஸ்டர்ஸ், 2000இல் பெபிள் பீச்சில் 15 அடி வித்தியாசத்தில் யு.எஸ். ஓப்பன், 2008இல் டோரி பைன்ஸில் முழங்கால் தசைநார் கிழிந்து கீழ்க்கால் எலும்பில் முறிவுக் கீறல்களோடு திங்கட்கிழமையும் நீண்ட பிளேஆஃபில் ஒரு யு.எஸ். ஓப்பன். இவற்றையெல்லாம் பார்த்த நாங்கள், கல்லால் ஆன மனிதரைக் கண்டுவிட்டதாகவே நம்பினோம். 2009 நவம்பரில் வீட்டருகே நடந்த ஒரு கார் விபத்திலிருந்து அவருடைய மண வாழ்க்கைக்கு வெளியிலிருந்த உறவுகள் ஒவ்வொன்றாக வெளியாயின. பதின்மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் அண்மைக் காட்சியில் பார்த்த ஒருவரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்பது அன்று விளங்கியது.

ஆகவே ஐயா சொல்வது சரி என்று முடித்துவிடலாம். ஆனால் என்னால் முடியவில்லை. 2019இல் அவர் மீண்டும் மாஸ்டர்ஸை வென்றபோது, 1997இல் தந்தையைத் தழுவிய அதே பதினெட்டாம் கிரீனுக்குப் பின்னால் மகன் சார்லியைத் தூக்கி அணைத்தார். அந்தக் காட்சியை இரண்டு படங்களாக அருகருகே வைத்துக் காட்டியது தொலைக்காட்சியின் வேலை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்பு, பன்னிரண்டாம் குழியில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். முன்னணியில் இருந்த பிரான்செஸ்கோ மொலினாரி உட்படப் பலர் கொடிக்கு நேராகக் குறிவைத்துத் தண்ணீரில் போட்டிருக்க, உட்ஸ் இடப்பக்கத்தில், கிரீனின் பாதுகாப்பான நடுப்பகுதியில் பந்தைப் போட்டுவிட்டு, ஓடையைத் தாண்டும் கல் பாலத்தில் ஏறி நிதானமாக நடந்து போனார். இளமையில் எல்லோரையும் நசுக்கியவர், 43 வயதில் மற்றவர்கள் தவறட்டும் என்று காத்திருந்தார். அந்த முடிவு அவருடையது. எந்தத் தொகுப்பாளரும் அதை எழுதிக் கொடுக்கவில்லை.

நமக்குத் தெரியவருவது ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல. நெருக்கடியில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது மட்டும் தெரிகிறது, அதுவே போதாதா?

4. பொடிநடை

நான் வட கரோலினாவில் வசிப்பவன். 2024 ஜூனில் யு.எஸ். ஓப்பன் கடைசி நாளன்று பைன்ஹர்ஸ்டில் இருந்தேன் என்பதால், திரைக்கு வெளியிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நேரில் கோல்ஃப் பார்ப்பது பெரும்பாலும் முதுகுகளைப் பார்ப்பதுதான். ஆட்டம் ஓரிடத்தில் நடப்பதில்லை. ஒரு குழுவின் பின்னால் நடந்தால் மற்ற குழுக்களை இழக்கிறீர்கள், ஓரிடத்தில் நின்றால் கதையை இழக்கிறீர்கள். நாங்கள் பதினாறாம் கிரீனுக்கு அருகே, வெயிலில் காய்ந்த மணலும் முரட்டுப் புல்லும் கலந்த ஓரத்தில், மூன்று வரிசை தலைகளுக்குப் பின்னால் நின்றோம். என் பத்து வயது மகளைத் தோளில் ஏற்றியிருந்தேன். அவளுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "பந்து ரொம்பக் கிட்டே இருக்குப்பா, அவர் இப்போ போட்டுருவார்" என்றாள். மெக்கில்ராய்க்கு எஞ்சியிருந்தது இரண்டரை அடி. அந்தப் பருவத்தில் மூன்றடிக்குள் கிடைத்த 496 பட்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டிருக்கவில்லை என்பதைப் பிறகு படித்தேன். கூட்டத்திலிருந்து எழுந்தது கூச்சலல்ல. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்த ஓசை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பதினெட்டில் நான்கடிக்குச் சற்றுக் குறைவான இன்னொரு பட்டையும் விட்டார். பின்னால் வந்த பிரைசன் டிஷாம்போ, 55 கெஜத்துக்கு அப்பாலிருந்த மணற்குழியிலிருந்து பந்தைக் கொடிக்கு நாலடியருகே தூக்கிப் போட்டு ஓர் அடியில் வென்றார். மெக்கில்ராய் செய்தியாளர் எவரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார். அன்று மாலை டிஷாம்போ கோப்பையைக் கூட்டத்துக்குள் கொண்டுவந்து, வேலியோரம் நின்றவர்களெல்லாம் தொட்டுப் பார்க்கும்படி நீட்டினார்.

இந்த டிஷாம்போவைத்தான் சில ஆண்டுகள் முன்பு யாருக்கும் பிடிக்காது. தன் ஐயன் மட்டைகள் அத்தனையையும் ஒரே நீளத்தில் செய்து வைத்திருக்கிற, கல்லூரியில் இயற்பியல் படித்த ஆள். ஒரு பட்டுக்கு முன் கணக்குப் போட்டு நேரத்தைத் தின்பவர். பிறகு சவூதி முதலீட்டில் தொடங்கிய லிவ் தொடருக்குப் போனவர். அவர் யூடியூபில் சாதாரண மனிதர்களோடு ஆடி, தோற்று, சிரிக்கிற காணொளிகள் போடத் தொடங்கிய பிறகு, அதே கூட்டம் அவருடைய பெயரைச் சொல்லிக் கூவியது. அவர் மாறினாரா, நாம் பார்த்த கோணம் மாறியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வகையில் நான் அரைக்கணக்கு அவர்களின் பக்கம்தான்.

ஆனால் பதினெட்டாம் கிரீனுக்குப் பின்னால் பெய்ன் ஸ்டூவர்ட்டின் சிலை ஒன்று உண்டு, ஒரு காலைத் தூக்கிக் கையை முன்னால் குத்தியபடி. 1999இல் அதே மைதானத்தில் ஃபில் மிக்கல்சனை ஓர் அடியில் வென்றபோது அவர் நின்ற நிலை அது. மிக்கல்சனின் மனைவிக்கு அப்போது தலைப்பிரசவ நேரம். அழைப்பு வந்தால் பாதியில் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவேன் என்று சொல்லி அவர் ஆடிக்கொண்டிருந்தார். வென்ற கணத்துக்கு அடுத்து ஸ்டூவர்ட் செய்தது, தோற்றவரின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தி, தந்தையாகப் போவதைவிடப் பெரிய பேறு இல்லை என்று சொன்னது. மறுநாள் மிக்கல்சனுக்கு மகள் பிறந்தாள். சில மாதங்களில் ஸ்டூவர்ட் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். சிலை வைத்தவர்கள் வெற்றிக் குத்தை வடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த முகம் ஏந்திய கைகளை வடித்திருக்க வேண்டும்.

5. சிற்றோடை

நான்கு பதிவுகள் ஓடிவிட்டன, இதுவரை ஒரு வீராங்கனையின் பெயர்கூட வரவில்லை என்பதை அண்ணன்மார்களுக்கு நினைவூட்டுகிறேன்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. பெங்களூரின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்றைப் பதக்க இடத்திலிருந்து தொடங்கியபோது நம் நாட்டில் இன்னும் விடிந்திருக்கவில்லை. பேர்டி என்றால் பறவையா என்று கேட்கக்கூடிய என் சித்தப்பா, காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்து, "இந்தப் பொண்ணு ஒண்ணு கம்மியா அடிச்சா நல்லதா, கூட அடிச்சா நல்லதா?" என்று கேட்டார். பத்து மணிக்குள் அவரே பட்டின் வளைவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிட்டார். நாடே அப்படித்தான் இருந்தது. அதற்கு முன்பு கொரோனா தொற்றி உடல் வலுக் குன்றியதால் அதிதியின் முதல் அடிகள் மற்றவர்களைவிடப் பல கெஜங்கள் பின்தங்கின. முன்னே விழுந்த பந்தை அவர்கள் சிறிய ஐயனால் அடிக்க, இவர் நீண்ட மட்டையால் கிரீனைத் தொட்டு, பிறகு பட்டிங்கால் சமன் செய்துகொண்டே வந்தார். பையைச் சுமந்தவர் அவருடைய தாய். ஒரே ஓர் அடி கூடியதால் பதக்கம் தவறி நான்காம் இடம். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றதால், காலையில் நடந்ததை ஊர் மறந்தது. முகத்தில் எதையும் காட்டாத அந்தப் பெண்ணை நான் மறக்கவில்லை. முகம் காட்டாததும் ஒரு குணந்தான். தொலைக்காட்சிக்கு அது பயன்படாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பார்ப்பவர்களாகிய நாம் வெறும் பார்வையாளர்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 2017இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் மேஜரில் லெக்ஸி தாம்ப்சன் கடைசி நாளில் முன்னிலையில் இருந்தார். முந்தைய நாள் பதினேழாம் கிரீனில், ஓரடி தூரப் பட்டுக்காகப் பந்தை எடுத்துத் திரும்ப வைத்தபோது, அது இருந்த இடத்திலிருந்து மிகச் சிறிதளவு விலகியிருந்தது. அதை வீட்டில் திரையில் கண்ட யாரோ ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். பந்தைத் தவறான இடத்தில் வைத்ததற்கு இரண்டு, அதனால் பிழையாகிப்போன மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டதற்கு இரண்டு என மொத்தம் நான்கு அடி தண்டனை. பன்னிரண்டாம் குழியிலிருந்து பதின்மூன்றுக்குப் போகும் வழியில் அவருக்கு இது சொல்லப்பட்டது. அழுதபடியே போய் அடுத்த குழியில் பேர்டி அடித்தார். பிளேஆஃப் வரை போராடித் தென் கொரியாவின் யூ சோ யோனிடம் தோற்றார். அந்த ஆண்டு முடிவதற்குள், பார்வையாளர்களின் புகார்களை இனி ஏற்பதில்லை என்று விதி அமைப்புகள் முடிவெடுத்தன.

ஒரு நாள் கழித்து ஒருவரின் வெற்றியைப் பறிக்கும் அளவுக்கு நாம் உற்றுப் பார்க்கிறோம். அந்த மின்னஞ்சலை எழுதியவரின் குணத்தைப் பற்றியும் இந்த இழையில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

6. இரவுக்கண்

சிற்றோடை அவர்களின் கடைசி வரி என்னைச் சற்று நெளிய வைத்தது. ஆனால் அட்டையில் கையெழுத்து என்றதும், 1968 மாஸ்டர்ஸைச் சொல்லாமல் போக முடியாது. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45ஆவது பிறந்தநாள். பதினேழாம் குழியில் அவர் மூன்றடியில் முடித்ததை உலகமே பார்த்தது. உடன் ஆடியவர் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார். இவர் சரிபார்க்காமல் கையெழுத்திட்டார். விதிப்படி நான்கு நான்குதான். பாப் கோல்பியுடன் பிளேஆஃப் ஆடியிருக்க வேண்டியவர் ஓர் அடியில் தோற்றவரானார். எழுதியவரைக் குறை சொல்லாமல், தான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று தன்னையே நொந்துகொண்டார். 

7. அரைக்கணக்கு

என்னைப் பாதி ஏற்றவர்களுக்கும் முழுதாக மறுத்தவர்களுக்கும் நன்றி. நான் பிடிவாதக்காரன் என்றாலும், ஸ்காட்டி ஷெஃப்லர் விஷயத்தில் என் வாதம் சறுக்குகிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

2024 மே மாதம் லூயிவில்லில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் நாள் அதிகாலையில், மைதான வாசலில் ஏற்பட்ட போக்குவரத்துக் குழப்பத்தில் காவலர்கள் அவரைக் கைது செய்து சிறைக்குக் கொண்டுபோனார்கள். உலகின் முதல்நிலை வீரர் ஆரஞ்சு நிற உடுப்பில் படம் எடுக்கப்பட்டு, அறைக்குள்ளேயே உடற்பயிற்சி செய்து உடலைத் தளர்த்திக்கொண்டு, விடுவிக்கப்பட்டு வந்து அன்றே 66 அடித்தார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. நாடகம் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது; அவரோ அதைக் கதையாக்க மறுத்துவிட்டார்.

2025 ஜூலையில் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷில் ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன்) தொடங்குவதற்கு முன் செய்தியாளர்களிடம் அவர் பேசியதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வெல்வதற்காக வாழ்நாள் முழுதும் உழைக்கிறோம், வென்ற மகிழ்ச்சி சில நிமிடங்கள் நிற்கிறது, பிறகு இரவு என்ன சாப்பிடலாம் என்ற கேள்வி வந்துவிடுகிறது, இதெல்லாம் எதற்கு என்று பல நேரம் தனக்கே புரிவதில்லை என்ற பொருளில் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அந்த வாரமே நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார். கோப்பையோடு நிற்கையில் அவர் முகம் மலர்ந்தது தன் சிறு குழந்தை தள்ளாடி வருவதைக் கண்டபோதுதான். விற்பனைக்கு உதவாத ஒரு பேச்சை, விற்பனையின் உச்சத்தில் இருக்கும் ஒருவர், ஒலிபெருக்கிக்கு முன் உட்கார்ந்து சொல்கிறார். இதை எந்த எழுத்தாளரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்.

எனவே ஒரு சோதனை செய்து பார்க்கிறேன். தோவாளையான் சொன்ன அந்தச் சுற்றின் பதிவை, பதின்மூன்றாம் குழியிலிருந்து, ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பார்க்கப்போகிறேன். வர்ணனை இல்லை, பறவை இல்லை, இசை இல்லை. குணம் மிஞ்சுகிறதா என்று வந்து சொல்கிறேன்.

8. தோவாளையான்

நல்ல சோதனை. பார்க்கும்போது ஹாரி டயமண்டையும் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மெக்கில்ராயின் சிறுவயது நண்பர், அவருடைய கேடி. பைன்ஹர்ஸ்டில் தோற்றபோது, அனுபவமுள்ள கேடியாக இருந்திருந்தால் வேறு மட்டையைக் கொடுத்திருப்பார் என்று எல்லோரும் அவரைத்தான் ஏசினார்கள். அகஸ்டாவில் பதினெட்டாம் குழியில் அந்த ஐந்தடியை விட்டுவிட்டு, பிளேஆஃபுக்காக மீண்டும் டீ (குழியின் முதல் அடி அடிக்கும் இடம்) நோக்கிப் போகும் வழியில் டயமண்ட் சொன்னதை மெக்கில்ராயே பிறகு தெரிவித்தார். திங்கட்கிழமை காலையில் இந்த நிலையை யாராவது தருகிறேன் என்றிருந்தால் நாம் வாங்கிக்கொண்டிருப்போமே என்றாராம். பதற்றத்தின் உச்சியில் நிற்பவருக்கு மட்டையைப் பற்றியோ காற்றைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

கேடிகளால் கெட்டதும் உண்டு. 2001 ஓப்பனின் கடைசிச் சுற்றில், முதல் குழியிலேயே பந்தைக் குழியோரம் நிறுத்திப் பேர்டி அடித்து முன்னணிக்கு வந்தார் இயன் வூஸ்னம். இரண்டாம் டீயில் அவருடைய கேடி, பையில் பதினான்குக்குப் பதில் பதினைந்து மட்டைகள் இருப்பதாகச் சொன்னார். இரண்டடி தண்டனை. கூடுதலான அந்த டிரைவர் மட்டையைப் புதருக்குள் வீசியெறிந்த வூஸ்னம், கேடியை அன்று வேலையைவிட்டு நீக்கவில்லை. நல்ல பையன், தெரியாமல் செய்துவிட்டான் என்று விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து அதே ஆள் தூங்கிப்போய்க் காலை ஆட்டத்துக்கு வராதபோதுதான் நீக்கினார். ஓப்பனில் இரண்டடி இழக்கச் செய்ததைப் பொறுத்தவருக்குத் தூக்கத்தைப் பொறுக்க முடியவில்லை. எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று.

9. பொடிநடை

அரைக்கணக்கு ஐயா, ஒலி இல்லாமல் பார்க்கும்போது ரோஸையும் விட்டுவிடாதீர்கள். 1998இல் 17 வயது அமெச்சூராக ஓப்பனில் நான்காம் இடம் பிடித்து, மறுநாளே தொழில்முறை ஆட்டக்காரராகி, தொடர்ந்து 21 போட்டிகளில் பாதியிலேயே வெளியேற்றப்பட்டவர் அவர். 2017இலும் இதே அகஸ்டாவில் பிளேஆஃபில் தோற்றவர். தோற்கத் தெரிந்த ஒருவர் எப்படிக் கை கொடுக்கிறார் என்பதைப் பாருங்கள்.

10. அரைக்கணக்கு

பார்த்து முடித்தேன். இரண்டு முறை பார்த்தேன்.

முதலில் என் பக்கத்துக்கு ஒரு புள்ளி. பதின்மூன்றாம் குழியில் அந்த வெட்ஜுக்கு முன்னால் மெக்கில்ராயின் முகத்தில் எதுவுமே இல்லை. அது எப்படி முடியப்போகிறது என்று நமக்குத் தெரியும் என்பதால்தான் அங்கே அச்சத்தையும் அவசரத்தையும் ஏற்றிப் பார்க்கிறோம். ஒலி இல்லாதபோது அது வெறும் ஒரு மனிதர், புல், ஒரு சிறிய மட்டை. பந்து தண்ணீருக்குள் உருண்ட பிறகு அவர் குனிந்துவிட்டார். அங்கே மட்டும் எவருடைய உதவியும் இல்லாமல் எல்லாம் தெரிந்தது.

அடுத்து உங்கள் பக்கத்துக்கு. உடன் ஆடிய டிஷாம்போவிடம் அன்று முழுவதும் மெக்கில்ராய் பேசவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் டிஷாம்போவே செய்தியாளர்களிடம் அதைச் சொன்னார். அப்போது அதைக் கர்வம் என்று நான் எழுதியிருந்தேன். ஒலியை நிறுத்திப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவர் எவரிடமுமே பேசவில்லை. விளிம்பு வரை நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் போல, எதையும் தட்டிவிடாமல் நடக்கிறார். கர்வம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ரோஸைப் பற்றி: கடைசி பட் விழுந்ததும் மெக்கில்ராய் மண்டியிட்டுக் கிடக்கிறார். ஒளிப்படக் கருவி அவரைவிட்டு நகரவே இல்லை. ரோஸ் சட்டகத்துக்கு வெளியே எங்கோ நிற்கிறார், எவ்வளவு நேரம் நின்றார், என்ன முகத்தோடு நின்றார் என்று திரை எனக்குக் காட்டவில்லை. பிறகு வந்து தழுவிக்கொண்டது தெரிகிறது. நான் பார்க்க விரும்பியது அந்தத் தழுவலுக்கு முன்பிருந்த நேரத்தை. தோவாளையான், உங்களிடம் வேறு கோணத்தில் எடுத்த பதிவு ஏதேனும் இருந்தால் அனுப்பிவையுங்கள்.

11. தோவாளையான்

தேடிப் பார்க்கிறேன் ஐயா. என்னிடம் உள்ளதும் அதே பதிவுதான். அந்தக் கணத்தில் நானும் ரோஸைத் தேடவில்லை. பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கையைப் பிடித்து உருளிக்கு முன்னால் கூட்டிப்போய் உட்காரவைத்தார். கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில், கொன்றைப்பூவுக்கு மேலே, தூங்காத என் முகந்தான் தெரிந்தது. "அழுதியா?" என்று மட்டும் கேட்டார்.